தொத்தாத காய்ச்சல்

நெஞ்சைப் பிளந்து ஒப்பரேசன் செய்துகொண்டு வந்த எட்வேட், இருமினால் அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை மடியில் வைத்தபடி முற்றத்துக் கதிரையில் தனியே இருக்கிறார். காலை வெயில் இதமாக விழுகிறது. அவருக்கோ உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. “வெட்டினதுக்கு உடம்பு காட்டுற கோபம் இது, ஆருக்கும் தொத்தாது” என்று டொக்டர் சொன்னதை வங்காலை ஊரில் ஒருவரும் நம்புவதாயில்லை. நோயில் கிடப்பவனுக்கும் பிடிபட்ட மீனில் பங்கு கொடுப்பது வள்ளத்து வழக்கம் என்பதால், கூடத் தொழில் செய்யும் அலெக்ஸாண்டர் மீன்பையை வேலிப் படலையில் கொழுவுகிறான். துவாயால் மூக்கைப் பொத்தியிருக்கிறான். “மீன் கிடக்கு அண்ணை. போயிட்டு வாறன்.” “தொத்தாதடா, உள்ள வா” என்று கூப்பிடத்தான் எட்வேட் வாயைத் திறக்கிறார். இருமல் முந்திக்கொள்கிறது. தலையணையை நெஞ்சோடு அழுத்தி, இருமி முடித்து அவர் நிமிர்கையில், படலையில் மீன்பை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.