ஆள் மாறிய மாத்திரை

"வாயத் திறங்க தாத்தா! துப்பினீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்."

அந்த அறைக்காரர் மாத்திரையைத் துப்பிவிடுவார் என்று முதியோர் இல்லத்துக்கு அன்றுதான் வேலைக்கு வந்திருந்த நர்ஸிடம் எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவரோ சர்க்கரை மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். 'இந்தப் பூனையையா புலி என்றார்கள்?' என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்தது.

"யாரும்மா நீ? என் மாத்திரைய எடுத்துட்டு வந்தியா?" என்று முகத்தைத் துடைத்தபடி ஒரு பெரியவர் வந்தார்.

அவள் கட்டிலைக் காட்டினாள். "அப்ப... இவரு?"

"என் தம்பி. என்னைப் பார்க்க வந்தான். சித்த படுடான்னேன்."

வேலை போனால் போய்த் தொலையட்டும். இந்த மனுஷன் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று படுத்திருந்தவரைக் கேட்டாள்.

"இருக்கும்மா. எனக்கும் டாக்டர் இதே மாத்திரைதான் எழுதியிருக்கார்."

போன உயிர் திரும்பியது. அடுத்த நொடியே மறுபடி பதறினாள். "அப்ப காலையில வீட்டுலயும் போட்டிருப்பீங்களே! ரெண்டு தடவை ஆயிடுச்சே! டாக்டரக் கூப்பிடுறேன், இருங்க!"

"பதறாதம்மா. வீட்டுல போடல."

"ஏன்?"

"தீர்ந்துபோச்சுன்னு பையன்கிட்ட சொல்லி ரெண்டு மாசமாச்சு. வாங்கிட்டு வரணும்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நீயாவது பிள்ளையோட ராஜாவாட்டம் இருக்கேன்னு நெனச்சேனேடா! சரி, அந்தப் பொண்ணு அதட்டினப்பவே, 'நான் இல்ல, என் அண்ணன்'னு சொல்ல வாயில்லையா உனக்கு?"

தம்பி தலைகுனிந்தார்.

"சொல்லியிருந்தா மாத்திரைய உனக்குக் குடுத்திருக்குமேண்ணா."