மாப்பிள்ளையின் மீன்கள்

"திரும்பவும் சொல்லுதேன் மாமா. தீனி டப்பாவத் தொட்டுராதிய. காலையில நான் ஒரு நேரம் போட்டாச்சு. அதுக்கு மேல ஒரு சிட்டிகை விழுந்தாலும் வயிறு ஊதிச் செத்துரும்."

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ரெனிஷ் இதைச் சொன்ன தோரணை, கடைப்பையனுக்கு உத்தரவு போடுவது போல இருந்தது. தேவபிரசாதம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஊரையே அதட்டிய மனுஷனுக்கு இது தேவைதானா?

"ஒங்க மீனு எனக்கு எதுக்கு மாப்ள? நானே ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டுக் கெடக்கேன்."

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியளா?" என்று முனகிவிட்டு ரெனிஷ் பைக்கைக் கிளப்பினான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவனுக்கு வேலை. அவன் மனைவி அனுஜா, தேவபிரசாதத்தின் ஒரே மகள், அதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது மரியாதையில்லை என்று சொந்த ஊரான நாசரேத்தில் பத்துப் பேருக்குப் புத்தி சொன்னவர் அவர். மனைவி காலமான பிறகு அவரே பெட்டியோடு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது மருமகன் முகத்தில் நான்காம் நாளே தெரிந்துவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அந்தக் கண்ணாடித் தொட்டி. ஹாலில் கடல்காற்று வருகிற ஒரே ஜன்னலுக்குக் கீழே அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. அதைக் குளியலறை வாசலுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தொட்டியை வைத்து, உப்புத்தண்ணீரை நிரப்பி, ஆரஞ்சும் ஊதாவுமாக ஒரு கூட்டம் மீனை விட்டுவிட்டான். ஆந்தியாஸ் என்று பேராம்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் கேனில் கடல்தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுகிறான். மீனுக்கு எதற்கய்யா ஜன்னல் காற்று?

முதலில் வாங்கிய மீன்கள் ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் தென்னை மரத்தடியில் அடக்கம் பண்ணினார்கள். அடுத்த கூட்டத்தை அவன் வாங்கி வந்தபோது அனுஜா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுவும் செத்துட்டுன்னா தொட்டியத் தூக்கிருவோம். அப்பா நாற்காலிய அங்கனயே போட்டுரணும்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் தேவபிரசாதம் எழுந்தார். ஃப்ரிட்ஜில் இருந்த பொடி இறால் தீனி டப்பாவை எடுத்தார். பள்ளிக்கூட ஆய்வகத் தொட்டியில் பிள்ளைகள் பொரியைக் கொட்டிக் கொட்டித் தங்கமீன்களைக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தின்றே சாகட்டும் என்று ஒரு கரண்டி எடுத்துத் தொட்டிக்குள் தூவினார். மீன்கள் பாய்ந்து வந்து தின்றன.

டீ குடித்துவிட்டு இன்னொரு கரண்டி. மத்தியானம் ஒன்று, தூங்கி எழுந்து ஒன்று. தினமும் இதே வேலைதான். பெற்ற மகளுக்குக்கூட அவர் இத்தனை வேளை ஊட்டியதில்லை. வாயில்லா ஜீவன்களைக் கொல்லலாமா என்று மனசாட்சி முனகும்போதெல்லாம் குளியலறை வாசல் நாற்றம் அதன் வாயை அடைத்தது.

டப்பா காலியாகக் காலியாக, ரெனிஷ் ஒரு வார்த்தை கேட்காமல் புது டப்பா வாங்கி வைத்தான். பயல் கணக்கில் சைபர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு மீனாவது சாக வேண்டுமே! நாளுக்கு நாள் நிறம் ஏறி, கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஓடிப் பிடித்து விளையாடின. தேவபிரசாதத்துக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு இரண்டு மடங்காகப் போட்டுவிடுவது என்று சமையலறைக்குள் போய் டப்பாவைக் கையில் எடுத்த நேரம், வாசலில் பைக் வந்து நின்றது.

ரெனிஷ்! மத்தியானத்தில் வராத ஆள். கூடவே மீன் விற்ற சிவப்பிரகாஷின் குரலும் கேட்டது. தேவபிரசாதம் டப்பாவோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். அகப்பட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"ஏலே, இது நான் குடுத்த மீனா?" சிவப்பிரகாஷ் தொட்டிமுன் நின்று வாயைப் பிளந்தார். "என்னா கலரு! எப்படிடே வளக்க?"

"தீனிதான் அண்ணாச்சி."

"அதத்தான் கேக்கேன். இது பட்டினி தாங்காத சாதி. ஒரு நாளைக்கு அஞ்சாறு வேள போட்டாத்தான் உசுரோட கெடக்கும். போன தடவ அத்தனையும் அதுனாலதான செத்துச்சு? பகல்ல நீங்க ரெண்டு பேருமே வீட்ல இல்ல."

கதவுக்குப் பின்னால் தேவபிரசாதம் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். கொல்வதற்காகப் போட்ட ஒவ்வொரு கரண்டியும் அந்தச் சனியன்களை வாழவைத்திருக்கிறது! நழுவப் பார்த்த டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாமா வீட்லதான இருக்காவ," என்றான் ரெனிஷ்.

"ஒன்னயக் கண்டாலே அவருக்கு ஆகாதுன்னு சொல்லுவியே. நீ போடச் சொன்னா போட்டுருவாராக்கும்?"

ரெனிஷ் சிரித்தான்.

"போடாதியன்னுல்லா சொல்லிருக்கேன்!"