ஆறு கண்டிஷன்

“ஆறு கண்டிஷன் ரொம்ப அதிகம் டீச்சர். கொஞ்சம் குறைங்க.”

பவானி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பதினெட்டு வருட சர்வீஸில், நடத்தை ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசிய முதல் ஆள் இவர்தான்.

“இது சந்தை இல்லைங்க. பிள்ளை ஒழுங்கா வரணும்னு எழுதுற ஒப்பந்தம். ஸ்கூல்ல மூணு, வீட்டுல மூணு. படிச்சுப் பாத்தீங்கள்ல?”

“பாத்தேன். வகுப்புல பேசக் கூடாதுன்னு மொட்டையாப் போட்டிருக்கீக. பேசாம எப்பிடி டீச்சர் ஒரு பிள்ளை உக்காந்திருக்கும்?”

அந்தப் பேச்சுதான் பிரச்சினையே. ஐந்தாம் வகுப்பு ஜோதிகா வாயை மூடமாட்டாள், வீட்டுப்பாடம் எழுதமாட்டாள், பக்கத்தில் இருப்பவளையும் எழுதவிடமாட்டாள். ஹெச்.எம். முடிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பாவின் கையெழுத்தோடு ஒப்பந்தம் வராவிட்டால், திங்கட்கிழமை அவளை வகுப்புக்குள் விடமுடியாது. ‘நான் பொறுப்பு சார்’ என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் பவானிதான். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னதற்கு இரண்டு நாள் தனியாகவே வந்து நின்ற ஜோதிகா, கடைசி நாளான இன்று நாலேகால் மணிக்குத்தான் இவர் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள்.

“சரி, பாடம் நடத்துறப்ப மட்டும் பேசக் கூடாது. போதுமா?”

“அது ஞாயம். வீட்டுப்பாடம் தினமும்னு இருக்கு. வாரத்துக்கு மூணு நாள்னு வச்சுக்கிடுவோம்.”

“நாலு நாள். அதுக்குக் கீழ இறங்கமாட்டேன்.”

சொன்ன பிறகுதான், தானும் பேரத்தில் இறங்கிவிட்டது பவானிக்கு உறைத்தது. தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“இருங்க, கேட்டுட்டு வந்துர்றேன்.”

வெளியே போனவர், குழாயடியில் நின்ற ஜோதிகாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் விரல்களை மடக்கி நீட்டிக் கணக்குச் சொன்னாள். திரும்பி வந்தார்.

“நாலு நாளுக்குச் சரியாம். ஆனா வீட்டுல செல்போன் அரை மணி நேரம் பத்தாதுங்குது. முக்கால் மணியாக்கிருங்க.”

“பிள்ளை சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவீங்களா? இப்படிச் செல்லம் குடுத்துத்தான் அவ இந்த லட்சணத்துல இருக்கா.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பக்கமும் மனசு நோகாம முடியணும்ல டீச்சர்.”

மணி ஐந்தேகால். பவானி வழக்கமாகப் போகிற தேனி பஸ், ஹாரன் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் இருந்த அனுமந்தன்பட்டியைத் தாண்டிப் போனது. எப்படியாவது முடிந்தால் போதும். முக்கால் மணிக்கு ஒத்துக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவணும் என்ற கண்டிஷனை அடித்தாள். ‘தம்பியைக் கிள்ளக் கூடாது’ என்பதை, ‘காரணமில்லாமல் கிள்ளக் கூடாது’ என்று திருத்தினாள்.

“அம்புட்டுத்தான். பேசி முடிச்சாச்சு,” என்று அவர் எழுந்தார்.

“நில்லுங்க. அப்பா கையெழுத்து இங்கன போடணும்.”

அவர் பேனாவை வாங்கவில்லை.

“நான் எப்பிடி டீச்சர் போடுறது? நான் திராட்சை புரோக்கரு. அவுக அப்பா கொடிப்பந்தல்ல மருந்தடிச்சுக்கிட்டு இருக்காக. ‘எங்க டீச்சர்கிட்டப் பேசி முடிச்சுக் குடுங்க மாமா’ன்னு பாப்பாதான் கூட்டிட்டு வந்துச்சு.”

“சரி, இதை அவர்கிட்டக் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க,” என்றாள் பவானி.

“அதெப்பிடி முடியும் டீச்சர்? அப்பாவுக்கு விஷயமே தெரியக் கூடாதுங்கிறதுதானே பாப்பா போட்ட மொத கண்டிஷன்.”