கொடியில் துணி காயப்போடும் பெண்

நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படங்களைச் சேர்ப்பவர் ஆரோக்கியநாதன். ஒரே தகட்டிலிருந்து அச்சான இரண்டு படங்கள் அன்று அவர் மேசையில் இருந்தன. முதல் படத்தில் நியூயார்க் மொட்டைமாடி ஒன்றில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் கொடியும் துணிகளும் அப்படியே இருந்தன. அவள் மட்டும் இல்லை.

“இவ எங்க போனா?” என்று கேட்டாள் அவர் மனைவி பிலோமினா. மாடிக்குப் போகிற வழியில், ஈரத்துணி வாளியோடு நின்றிருந்தாள்.

“வரைஞ்சவனே தகட்டுலேருந்து சுரண்டிட்டான். அவ இல்லாததுதான் அபூர்வம். லென்ஸ் வச்சுப் பாத்தா முழங்கை மட்டும் லேசாத் தெரியும்.”

“அவ போனப்புறந்தான் மதிப்பு கூடுதாக்கும்.”

“ஆமா” என்றார் நிமிராமலே. அவள் படியேறிப் போனாள். அவர் இரண்டாவது படத்தைச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினார். முதலாவதை இழுப்பறையில் வைத்து மூடினார். பிறகு காபி கேட்டுக் குரல் கொடுத்தார். பதில் இல்லை.

மாடிப்படி அந்த அறைக்குள்தான் இறங்கும். யாரும் இறங்கி வரவில்லை. மேலே போய்ப் பார்த்தார். கொடியில் அவருடைய சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. கடைசிச் சட்டைக்கு ஒரு தோளில் மட்டும்தான் கிளிப் போட்டிருந்தது. மீதித் துணி பிழிந்தபடி வாளியில் கிடந்தது. சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். கீழே இஸ்திரி வண்டிக்காரர் நிதானமாகப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியநாதன் அந்தக் கடைசிச் சட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பையிலிருந்து லென்ஸை எடுத்து, முழங்கை இருக்கவேண்டிய உயரத்துக்குக் குனிந்தார்.