இடது பின்சக்கரம்

இடது பின்சக்கரத்தின் அருகே குந்தியிருந்த கரிதாத், யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஊரே திருவிழாப் பூசைக்குப் போயிருந்தது. அச்சின் முனையில் விரல்களை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ முறுக்கினாள். கையை எடுத்தபோது மணிக்கட்டு வரை பன்றிக் கொழுப்பு.

அதை ஒரு முட்டைக்கோஸ் இலையில் துடைத்தாள். தோளில் அவிழ்ந்து விழுந்த கூந்தலை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கோயிலுக்கு நடந்தாள்.

வண்டி அவள் கணவன் ஃபெர்மினுடையது. இன்ஜின் எல்லாம் கிடையாது. பைன் மரச்சட்டம், இரும்பு அச்சு, நான்கு சக்கரம். மற்றதை மலைச்சரிவு பார்த்துக்கொள்ளும். அச்சு முனையில் துளைபோட்டுச் செருகிய கடையாணிதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

போன வருஷப் பந்தயத்தில் ஃபெர்மின் மாதா கோயில் வளைவில் திரும்பாமல் நேராகத் தோட்டத்துக்குள் போய்த் தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். அவன் கட்டோடு கிடந்த நாட்களில் கரிதாத் அழுதது அவளுக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தது அவள் சத்தம் மட்டும்.

"இன்னொரு தடவை அதுல ஏறினா கஞ்சிகூட ஊத்த மாட்டேன். சக்கரத்தையே கழட்டிக் கடாசிடுவேன்."

ஃபெர்மினும் சளைக்கவில்லை. "இந்த வருஷம் என் மச்சானை ஜெயிக்கலேன்னா மீசைய வழிச்சுக்கறேன்" என்று அரிசி மது குடிக்கிற இடத்திலெல்லாம் சொல்லி வைத்தான். அவனுக்கு மீசை முளைத்ததே இல்லை என்பது வேறு விஷயம். வண்டியை வேறு யாரையும் தொடவிடாமல், கடையாணியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொழுப்பை அவனே அப்பி வைத்தான்.

கிளம்புவதற்கு முன் ஊர்த்தலைவர் ததேயோ ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து இழுத்துப் பார்ப்பது வழக்கம். கையோடு வந்துவிட்டால் வண்டி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதில் ஓட்டுகிறவனுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"மச்சான், எங்கக்கா இன்னைக்குப் பூசைக்குப் பாதியிலதான் வந்தா. மேலெல்லாம் கொழுப்பு வாசனை. எதுக்கும் சக்கரத்தைப் பாத்துக்க" என்றான் கரிதாத்தின் தம்பி போனிங், பக்கத்து வண்டியில் இருந்தபடி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"செஞ்சாலும் செய்வா. பொண்டாட்டிய நான் என்ன பண்ண முடியும்?" ஃபெர்மின் பெருமூச்சு விட்டான்.

ததேயோ முன்சக்கரங்களை இழுத்தார். வலது பின்சக்கரத்தை இழுத்தார். இடது பின்சக்கரத்துக்கு வந்ததும், சட்டத்தில் காலை ஊன்றிப் பல் பிடுங்குகிற மாதிரி இழுத்தார். அது அசையவில்லை.

"பலமாத்தான் இருக்கு."

ஃபெர்மினின் முகம் தொங்கிப்போயிற்று. "தலைவரே, அத இன்னொரு தடவை நல்லா இழுத்துப் பாருங்களேன்."

"என் இடுப்பு புடிச்சுக்கும்யா. பேசாம ஏறி உக்காரு."

ஃபெர்மின் ஏறி உட்கார்ந்தான். மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது, அவனுக்கு மட்டும் வேர்த்தது. கை ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரிதாத் வந்தாள். விரித்த கூந்தல் காற்றில் பறந்தது.

"தடுக்க வந்துட்டாடா" என்றது ஒரு குரல்.

"அக்கா, விடு. மச்சான் மீசைக்காக ஓட்டறாரு" என்றான் போனிங்.

ஃபெர்மினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "கரிதாத், நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே எறங்கிடறேன். உன் பேச்சை நான் என்னைக்கு மீறியிருக்கேன்?"

அவள் சிரித்தாள். குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஓட்டறதும் எறங்கறதும் உன் இஷ்டம், ஆனா ஓட்டறதா இருந்தா நான் அதுல முறுக்கி வச்ச கொண்டை ஊசி தாங்காது, பழிய என் தலையில போடலாம்னு கழட்டிப் பையில வச்சிருக்கியே, அந்தக் கடையாணிய எடுத்து மாட்டு."