லைனில் இருந்தவர்

"இந்த ஃபில்டர் வேணாம் அண்ணே. உள்ளே ரப்பர் இருக்கான்னு மச்சான் பாக்கச் சொல்றாங்க."

காதில் வைத்த போனை எடுக்காமலே நாஜியா சொன்னாள். தனசேகரனின் கை அப்படியே நின்றது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருபது வருஷமாக மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவர். கடையில் மேல் தட்டில் ஒரிஜினல், கீழ்த் தட்டில் டூப்ளிகேட். பெண் ஒருத்தி தனியாக வந்தால் அவர் கை தானாகக் கீழ்த் தட்டுக்குத்தான் போகும். கெட்டவர் என்று சொல்ல முடியாது, வியாபாரி.

"யாரு, வீட்டுக்காரரா? மெக்கானிக்கா?"

"எங்க வண்டிக்கு எண்ணெய் மாத்துறதெல்லாம் வீட்டிலேயே பாத்துக்குவோம் அண்ணே. தாமுவே பக்கம் ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திப் போற ஃபெரி வண்டி ஓட்டுறோம், பழைய புரோபாக்ஸ் காரு. போன தடவை வேற ஒரு கடையில நான் போய் எண்ணெய் வாங்கினேன். போலியைத் தலையில கட்டிட்டாங்க. எஞ்சின் சூடாகி நடு ரோட்டுல நின்னுச்சு, உள்ளே ஏழு பிள்ளைங்க. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. இன்னொரு தடவை நின்னா யாரும் பிள்ளையை ஏத்தி விட மாட்டாங்க. எங்களுக்கு வேற வருமானம் கிடையாது."

"அதான் பாய் லைன்லேயே இருக்காரா!" என்று சிரித்தபடி தனசேகரன் சத்தம் காட்டாமல் மேல் தட்டுக்குக் கையை உயர்த்தினார்.

புது ஃபில்டரை நாஜியா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலை விட்டு ரப்பரை அழுத்தினாள். "ம்... மெதுவா இருக்கு மச்சான். எழுத்தும் மங்காம இருக்கு. சரி, வாங்கிக்கிறேன்."

அடுத்தது எண்ணெய். பழைய வண்டிதானே என்று தனசேகரன் கெட்டி எண்ணெயை எடுத்து வைத்தார்.

"இதைப் போடும்மா. எஞ்சின் சத்தமே கேக்காது."

நாஜியா கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "அந்த எஞ்சினுக்கு இது ஆகாதாம் அண்ணே. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கெட்டி எண்ணெய் மேல ஏற நேரமாகுமாம். அதுக்குள்ள உள்ளே தேய்ஞ்சிடுமாம். சத்தத்தை அமுக்குறது வைத்தியம் இல்லையாம்."

தனசேகரன் அதை உள்ளே வைத்துவிட்டு லேசான எண்ணெய் நாலு லிட்டர் டின்னை எடுத்தார். மூடியின் சீல் முழுசாக இருக்கிறதா என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எண்ணெய் இறக்குற நட்டுக்கு ஒரு வாஷர்."

"பழசையே போடலாமே. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"ஒரு தடவை நசுங்கின வாஷர் மறுபடி சரியா உட்காராதாம். சொட்டுச் சொட்டா ஒழுகுமாம்."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆளைத் தனசேகரன் கண்டதில்லை. வியாபாரம் மறந்து போய் அவருக்குத் தன் வண்டியின் கவலை வந்துவிட்டது.

"தங்கச்சி, பாய்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லேன். என் வண்டி காலையில நீலமாப் புகை விடுது. மூணு பேர்கிட்ட காட்டிட்டேன். எஞ்சினையே இறக்கணும்கிறாங்க."

நாஜியா அதைப் போனில் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "ராத்திரி பூரா நிறுத்தி வெச்சுட்டு எடுக்கும்போது மட்டுமா? ஓடும்போது இல்லையே?" என்றாள்.

"இல்ல. எடுத்த ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

"வால்வு சீல் காய்ஞ்சிருக்கும். அதை மட்டும் மாத்திப் பாருங்க. எஞ்சினை இறக்கணும்னு யாராவது சொன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க... அப்படின்னு சொல்றாங்க."

"மனுஷன்னா இவரு மனுஷன்!" தனசேகரன் மேஜையைத் தட்டினார். "வண்டியைக் கண்ணால பாக்கல, புகையைப் பாக்கல, கையில வெச்ச மாதிரி சொல்றாரே! போனை இப்படிக் குடும்மா, ஒரு வார்த்தை பேசிடுறேன்."

"வெச்சுட்டாங்க அண்ணே. வண்டிக்கு அடியில போகணுமாம்." போன் பைக்குள் போய்விட்டது.

"நம்பராவது குடு. என் வண்டியை அவருகிட்டதான் கொண்டு வரப் போறேன்."

"என் நம்பருக்கே அடிங்க. அவங்களுக்குக் கூச்சம், வெளியாளுங்ககிட்ட போன்ல பேச மாட்டாங்க."

நம்பரை வாங்கி 'தாமுவே பாய்' என்று போட்டு வைத்தார் தனசேகரன். விலையைக் கேட்காமலே குறைத்தார். எண்ணெய் ஊற்றுவதற்கு ஒரு புனலையும் சேர்த்துக் கட்டினார். "இது பாய்க்கு நான் கொடுத்ததுன்னு சொல்லு. இப்படி ஒரு வீட்டுக்காரரு கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா."

"சொல்றேன் அண்ணே" என்று சிரித்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள் நாஜியா.

தனசேகரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வீடு போய்ச் சேரும் நேரம் வரை பொறுத்திருந்து அந்த நம்பரை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். அப்போது சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள் அவர் மனைவி புஷ்பலதா.

"யாருக்கு அடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

"தாமுவேல ஒரு பாய். என்ன ஒரு மூளை! கொஞ்சம் முன்னாடி இங்கே இருந்து அவரு வீட்டுப் பொண்ணு அரை மணி நேரம் அவருகூடப் பேசிட்டுப் போகுது."

"பேசுச்சா? விளையாடுறீங்களா? காலையில எட்டு மணிக்கே லைன் செத்துப் போச்சு. இங்கே, தாமுவேல, எங்கேயும் இல்ல. நானே உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுத்தான் நடந்து வர்றேன்."

தனசேகரன் போனைக் காதிலிருந்து இறக்கினார். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. 'தாமுவே பாய்' என்பதை அழித்துவிட்டு, 'மெக்கானிக் நாஜியா' என்று எழுதினார்.