பேச்சியம்மா பெயரில் ஒரு கம்ப்யூட்டர்

"பேர் பதியச் சொல்லுது சேர். யார்ட பேரப் போட?"

புதுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்த றவூப் திரும்பிப் பார்த்தான்.

கண்டியில் சின்ன அச்சகம் நடத்தும் இராஜரத்தினம் யோசிக்கவே இல்லை.

"பேச்சியம்மா எண்டு போடும்."

"முதலாளி நீங்கதானே? திறக்கிற நேரமெல்லாம் இந்தப் பேர்தான் வரும்."

"வரட்டும். எழுத்துக் கோக்கிறது அவள்தானே. பெருமையும் அவளுக்குத்தான்."

கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் பேச்சியம்மா, திரையில் தன் பெயர் விழுவதைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"இப்படியும் ஒரு முதலாளியா!" என்று வியந்தார்கள் வாடிக்கையாளர்கள்.

சில மாதங்கள் கழித்து நகரில் குண்டு வெடித்தது. வீடு வீடாக, கடை கடையாகச் சோதனை.

அச்சகத்துக்குள் நுழைந்த இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். திரையில் வந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"தமிழ் நோட்டீஸ் அடிக்கிற மெஷின் இதுவா? யார் இந்தப் பேச்சியம்மா?" என்று சிங்களத்தில் அதட்டினார்.

இராஜரத்தினம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். சட்டைப் பையில் யாழ்ப்பாணத்தில் எடுத்த அடையாள அட்டை; புலி என்று பிடித்துப்போக அதுவே போதும். இப்படி ஒரு நாள் வருமென்று பயந்துதானே அவள் பெயரைப் போடச் சொன்னார்!

"நான்தான் சேர்." பேச்சியம்மா எழுந்து நின்றாள்.

ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பொலிஸுக்குப் போய்ப் பொறுப்பு நின்ற பிறகுதான் அவளை விட்டார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் அச்சகத்துக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

இராஜரத்தினத்தால் அந்தக் கன்னத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிள்ளை, றவூப்புக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறன். அந்தப் பேரை அழிச்சு என்ர பேரைப் போடச் சொல்லி."

"வேணாங்க சேர். என் பேரே இருக்கட்டும்."

"இவ்வளவு நடந்த பிறகுமா? உமக்கு விளங்கேல்லையே? நான் அதைப் போட்டது..."

"எதுக்குப் போட்டீங்கன்னு அன்னைக்கே தெரியுமுங்க." அவள் கதிரையை இழுத்துப் போட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். "என்னைப் புடிச்சா ஏன்னு கேக்கத் தோட்டமே வரும். சண்டையில பாதை அடைச்சுக் கெடக்கு, உங்களுக்காக யாழ்ப்பாணத்துல இருந்து யாரு சேர் வருவாங்க?"